கைதவறிய பேசின்

தீடா மான்னேவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கனவு வரும். ஆற்றின் நடுவே வண்ணம் பூசிய ஒரு இரும்பு டிரம் மெல்ல மிதந்து போகும். அதற்குள்ளிருந்து மணிச்சத்தம் கேட்கும். யார் அடிக்கிறார்கள் என்று பார்க்க அவள் தண்ணீரில் இறங்குவாள். வெதுவெதுப்பான நீர் முழங்காலைத் தொடும்போது சேவல் கூவிவிடும். தம்பாஜாங் ஊர்ச் சேவல்களுக்கு ஒருவர் கனவையும் முழுசாக முடிய விட்டுப் பழக்கமில்லை.

கனவு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அம்மா அவளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போன நாள் அது. திரைக்குப் பின்னால் அரையிருட்டு. அம்மாவின் கை ஒரு குழாயின் வாயில் எதையோ போட்டது. டிங் என்று ஒரு சத்தம்.

"உள்ள யாரும்மா இருக்கா?"

"அரசாங்கம் இருக்கு."

"அதுக்குப் பசிக்காதா?"

"பசிக்கும். அதுக்குத்தான் கோலி போடறோம். இப்ப வாயை மூடு, அந்த ஆள் பார்க்கறான்."

அன்றிலிருந்து தீடாவுக்கு அரசாங்கம் என்றால் டிரம்முக்குள் குடியிருந்து கோலிகுண்டு தின்னும் ஏதோ ஒன்று. வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை. தலைநகரமான பாஞ்சூலில் சட்டசபைக் கட்டடம் இருக்கிறது, அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று வானொலி சொல்லும். இருக்கலாம். அவள் பாஞ்சூல் போனதில்லை. டிரம்மை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

எங்கள் காம்பியாவில் ஓட்டு என்பது கோலிகுண்டுதான். அட்டையைக் காட்டி, விரலில் மை வைத்துக்கொண்டு, ஒரு கோலியை வாங்கித் திரைக்குப் பின்னால் போக வேண்டும். ஆளுக்கொரு நிறத்தில் டிரம்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். பிடித்த படத்துக்கு மேலே இருக்கும் குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே மணி ஒருமுறை அடிக்கும். இரண்டு முறை அடித்தால் அதிகாரி எழுந்து வருவார். அதனால்தான் தேர்தல் நாளில் சாவடிப் பக்கம் சைக்கிளுக்கு இடமில்லை. மணியடித்துக்கொண்டு எவனாவது போனால் குழப்பம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காகிதத்தில் எழுதி எண்ணுகிற ஊர்களின் லட்சணத்தையும் நாங்கள் கேள்விப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

தீடா, வாண்டிஃபாவுக்கு இரண்டாவது மனைவியாக அந்த வீட்டுக்கு வந்தாள். முதல் மனைவி மஜூலா. பெரிய வளாகம், ஒரே கிணறு, ஒரே அடுப்படி. அந்த வீட்டில் தும்மினால் நாலு பேர் காரணம் கேட்பார்கள். படுக்கிற அறை பிள்ளைகளோடு பங்கு, புருஷன் மஜூலாவோடு பங்கு, வயிற்றுவலி ஊரோடு பங்கு. ஓடைக்கரையில் அவள் வெங்காயமும் கத்தரிக்காயும் போடும் தோட்டத்துண்டுகூட அவளுடையது இல்லை. குடும்பத்து நிலத்தை யார் உழுவது என்று சொல்கிறவர் வாண்டிஃபாவின் அண்ணன் ஃபாபக்காரி. அவர் பார்த்துக் கொடுத்தது. அவர் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் தீடாவுக்குத் திரைக்குப் பின்னால் நிற்கிற அந்த நேரம் மிகவும் பிடிக்கும். அங்கே யாரும் பின்னால் வரக்கூடாது. புருஷனோ, பிள்ளையோ, சக்களத்தியோ யாராக இருந்தாலும் வந்தால் குற்றம். உள்ளங்கையில் கோலி மெல்லச் சூடேறும். அவள் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதிப்பாள். குடியரசு அவளுக்குக் கொடுத்தது ஒரு திரையும், ஒரு கோலியும், ஒரு மூச்சு விடுகிற நேரமும்தான். அவளுக்கே அவளுக்கு என்று வேறெதுவும் இருந்ததில்லை.

ஒருமுறை கோலிகள் எல்லாம் சேர்ந்து மேலே இருந்த ஜனாதிபதியை இறங்கச் சொல்லின. முதலில் சரி என்றார், பிறகு மாட்டேன் என்றார். துப்பாக்கி வெடிக்கும் என்று ஊரே பயந்து எல்லை தாண்டி ஓடியது. தீடாவும் மஜூலாவும் ஒரு பெரிய எனாமல் பேசினில் அரிசியும் கரண்டியும் டம்ளர்களும் போட்டு, மாற்றி மாற்றித் தலையில் சுமந்துகொண்டு பக்கத்து நாட்டுக் காஸமான்ஸ் பக்கம் நடந்தார்கள். வழியெல்லாம் சண்டை. பேசினை நீ சாய்க்கிறாய், நான் சாய்க்கவில்லை என்று. ஒருநாள் அவர் விமானம் ஏறிப் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அதே பேசினோடு, அதே சண்டையோடு, திரும்பி வந்தார்கள். ஒரு கோலிகுண்டு தூங்கிக்கொண்டிருந்த ஊரை எழுப்பி நடக்க வைத்துவிட்டதே என்று தீடாவுக்கு வெகுநாள் ஆச்சரியம்.

அதன்பின் வந்த ஒரு சட்டசபைத் தேர்தலில் ஃபாபக்காரியே நின்றார். ஆரஞ்சு டிரம். அவரை எதிர்த்து நின்றது மருத்துவச்சி ஜைனபா கிந்தே. வெள்ளை டிரம். இருவருக்கும் கட்சி இல்லை, சுயேச்சை. தீடாவின் கடைசிப் பெண் பிறந்தபோது மழை பிய்த்து உதறியது. பாலம் நீருக்குள். ஜைனபா ஒரு சின்னப் படகில் ஓடையைக் கடந்து, சேறும் நனைந்த முக்காடுமாக வந்து சேர்ந்து, குறுக்கே கிடந்த குழந்தையைத் திருப்பி எடுத்தாள். விடிந்ததும் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டுப் போய்விட்டாள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. தீடாவும் மறக்கவில்லை. மறக்கவில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அதுதான் தொல்லை.

தேர்தலுக்கு முன்பு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபாபக்காரி கடலைக் குழம்பை விரலில் வழித்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"இந்த வளாகத்துல இருந்து வெள்ளைக்கு ஒரு கோலி போச்சுன்னா எனக்கு அவமானம். மழைக்கு முன்னாடி தோட்டமெல்லாம் மறுபடி பங்கு வைக்கணும். யாருக்கு எதுன்னு அப்ப பார்த்துக்கலாம்."

பேரைச் சொல்லவில்லை. ஆனால் தீடாவின் பக்கம்தான் பார்த்தார். தீடா தலைகுனிந்து சோற்றைப் பிசைந்தாள். பயம் இருந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் இவர் வர முடியாதே என்ற தைரியமும் இருந்தது.

தேர்தல் நாள் ஏப்ரலில் வந்தது. முந்திரிப்பழ வாசனை கனத்த காற்று, ஆற்றின் மேல் புழுதி மூட்டம், அக்கரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத வெளிச்சம். பள்ளிக்கூடத்து வாசலில் விடியும் முன்பே பொருட்கள் வரிசையில் நின்றன: கல், செருப்பு, வாளி, உடைந்த முக்காலி. தீடா வீட்டார் சார்பில் அந்த எனாமல் பேசின் இடம்பிடித்திருந்தது, உள்ளே கரண்டியும் டம்ளர்களும் கஞ்சிப் பாத்திரமுமாக.

ஓட்டு தொடங்கும் முன் டிரம்களைக் காலி என்று காட்ட வேண்டும். டிரம்மின் அடியில் மரத்தூள் போட்டிருப்பார்கள், விழுகிற கோலி சத்தமில்லாமல் அடங்கட்டும் என்று. ஃபாபக்காரியின் முகவர் வெள்ளை டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"தூளுக்கு அடியில என்ன இருக்கு? கோலி ஒளிச்சு வெச்சிருந்தா? கவுத்துக் காட்டுங்க."

கவிழ்த்தார்கள். ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்து தூளையெல்லாம் வாரிக்கொண்டு போனது. ஆரஞ்சு டிரம்மைக் கவிழ்க்க யாரும் கேட்கவில்லை. அதிகாரி இரண்டுக்கும் மூடி போட்டு முத்திரை வைத்தார். நேர்மையைக் காட்டுகிற அவசரத்தில் வெள்ளையின் அடிவயிறு வெறும் இரும்பாகப் போனதை ஒருவரும் யோசிக்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

முதலில் ஒரு கிழவர் போனார். டிங். அடுத்தது ஒரு பெண். டிங், அதன் பின்னால் கட... கட... கடகடவென்று தகரத்தில் எதுவோ உருண்டு ஓடி நின்றது. வரிசை நிமிர்ந்து பார்த்தது. மூன்றாவது ஆள், டிங். நாலாவது ஆள், டிங், கடகட. அதற்குள் மாமரத்தடியில் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்த ஃபாபக்காரியின் ஆட்களுக்குச் சங்கதி விளங்கிவிட்டது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி. வெறும் டிங் கேட்டால் "வாழ்க!" என்று கைதட்டினார்கள். உருளும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்தி, வெளியே வருகிறவரின் முகத்தை ஃபாபக்காரியோடு சேர்ந்து உற்றுப் பார்த்தார்கள்.

ஜைனபாவின் முகவர் அதிகாரியிடம் சண்டைக்குப் போனான்.

"திறந்து தூள் போடுங்க சார். ஊருக்கே கேட்குது!"

"முத்திரை வெச்சாச்சு. சாயங்காலம் எண்ணும்போதுதான் திறக்கலாம், அதான் சட்டம். நான் திறந்தா நாளைக்கு நீயே என்னைத் திருடன்னு சொல்லுவ."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இந்த நியாயங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெயில் ஏற ஏற உருளும் சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போனது. டிங். டிங். டிங். வெள்ளை டிரம் வாய் கட்டிப்போட்ட பிள்ளை மாதிரி உள்ளே நின்றிருக்கும் என்று தீடா நினைத்தாள். அதனுள் இருக்கிற அரசாங்கம் பசியோடு காத்திருக்கும். நினைத்ததும் அவளுக்கே அசட்டுத்தனமாக இருந்தது. கோலியை வெள்ளையில் போட்டால் தோட்டம் போகும். ஆரஞ்சில் போட்டால், அவளுக்கென்று இருந்த அந்த ஒரே இடமும் போகும்.

அவளுக்குப் பின்னால் மஜூலா, பேசினைத் தலையில் வைத்தபடி. காலையில் வாண்டிஃபா மஜூலாவின் காதில் ஓதியதைத் தீடா கேட்டிருந்தாள்: "அவ உள்ள போறப்ப நீ பக்கத்துல நில்லு. நல்லாக் காது குடுத்துக் கேட்டுச் சொல்லு." மஜூலா தலையாட்டினாள். அவள் எப்போதும் தலையாட்டுவாள். முதல் மனைவியாக இருந்து இருந்து அந்தப் பழக்கம்.

வாசலில் அட்டை பார்க்கிறவன் ஸன்னே குடும்பத்துக்காரன். ஸன்னேவும் மான்னேவும் தலைமுறை தலைமுறையாகக் கேலிச் சொந்தம். பார்த்தால் திட்ட வேண்டும்; திட்டு வாங்கினவர் சிரிக்க வேண்டும்; கோபித்தால் ஊர் அவரைத்தான் ஏசும்.

"அட, மான்னே வீட்டு அடிமையா? அட்டையைக் குடு. ஓட்டுப் போட வந்தியா, உள்ள சோறு போடறாங்கன்னு நெனச்சு வந்தியா?"

"சோறு போட்டா உங்க ஸன்னே கூட்டம் மிச்சம் வெச்சிருக்குமா எங்களுக்கு?"

வரிசை சிரித்தது. தீடாவும் சிரித்தாள். விரலில் மை வைத்தார்கள், கோலியைக் கொடுத்தார்கள். திரை பின்னால் விழுந்தது.

அரையிருட்டு. அதே வாசனை, இரும்பும் புதுப் பெயிண்டும். ஃபாபக்காரி ஆரஞ்சிலிருந்து சிரித்தார். ஜைனபா வெள்ளையிலிருந்து சிரிக்காமல் பார்த்தாள், படம் எடுக்கிறவன் சொல்லியும் சிரித்திருக்க மாட்டாள். கோலி உள்ளங்கையில் சூடேறியது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைக் கேட்கிறார்கள். ஒரு கணம் அவளுக்குத் தான் ஆற்றில் நிற்பதாகவே தோன்றியது. தண்ணீர் முழங்காலில், டிரம் கையெட்டும் தூரத்தில், அசையாமல். இந்தமுறை சேவல் கூவவில்லை. அவளுடைய கை வெள்ளைக் குழாயின் வாய்வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. வெங்காயப் பாத்திகள் கண்ணுக்குள் வந்தன. விரல் திறக்க மறுத்தது.

"என்னம்மா, உள்ள தூங்கிட்டியா?" என்றான் ஸன்னே.

அப்போதுதான் வெளியே வானம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். எனாமல் பேசின் சிமெண்டுப் படியில் விழுந்து, கரண்டி ஒருபக்கம், டம்ளர்கள் ஒருபக்கம், கஞ்சிப் பாத்திரம் ஒருபக்கமாகத் தெறித்து, பேசின் மட்டும் படிபடியாக உருண்டு முற்றத்தில் சுற்றிச் சுற்றி டடடடவென்று ஆடிக்கொண்டிருந்தது. தீடாவின் விரல்கள் தாமாகத் திறந்தன. கோலி போனது. மணி அடித்ததைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி கேட்டார், தலையசைத்தார். உருண்டது வெள்ளை டிரம்மா, பேசினா, டம்ளரா என்று மாமரத்தடியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்தபோது மஜூலா கை நிறையக் கஞ்சியோடு நின்றாள்.

"கைதவறிடுச்சு," என்றாள், யாரையும் பார்க்காமல்.

தீடா அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தும் இப்படி ஒரு முகத்தை அவளிடம் பார்த்ததில்லை. மஜூலா டம்ளர்களைப் பொறுக்கிப் பேசினில் போட்டு, அதைத் தீடாவின் தலையில் ஏற்றிவிட்டாள்.

"கெட்டியாப் பிடி. எனக்கு நேரமாச்சு, நான் போடணும்."

மஜூலா திரைக்குப் பின்னால் போனாள். தீடா மெல்ல ஒன்று இரண்டு மூச்சு விட்டாள். பிறகு கைகளை எடுத்தாள். பேசின் முன்னைவிடப் பலமாக விழுந்தது.

"ஐயோ, எனக்கும் கைதவறிடுச்சே!"

வரிசையில் இரண்டாவதாக நின்றவள் குனிந்து பேசினை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் நின்றவள் உள்ளே போனதும் கீழே போட்டாள். அடுத்தவள் எடுத்தாள். அடுத்தவள் போட்டாள். ஆரஞ்சுக்குப் போடுகிறவளுக்கும் சரி, வெள்ளைக்குப் போடுகிறவளுக்கும் சரி, பேசின் விழுந்தது. ஆண்கள் வரிசையில் திடீரென்று எல்லாருக்கும் இருமல் வந்தது. சிலர் தும்மவும் செய்தார்கள்.

ஃபாபக்காரி எழுந்து வந்தார்.

"என்னங்கடி கூத்து இது? ஊர்ப் பொம்பளைங்க கையில எல்லாம் எண்ணெயா தடவியிருக்கு? அந்தப் பேசினை அப்புறப்படுத்து!"

ஸன்னே வாசலை மறித்து நின்றான்.

"விடுங்க பெரியவரே. எல்லாம் அந்த மான்னேக்காரி வந்த நேரம். அவங்க வம்சத்துக்கே கையில ஓட்டை, இன்னைக்கு ஊருக்கு ஒட்டிக்கிச்சு. சைக்கிள் கொண்டுவரக் கூடாதுன்னுதான் எங்களுக்கு உத்தரவு. பேசினைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

வரிசை முழுதும் சிரித்தது. கேலிச் சொந்தத்தின் பேச்சு. அதற்குக் கோபப்பட்டால் ஃபாபக்காரிதான் கேலியாவார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தார். திரும்பியபோது திரைக்குள் போய்க்கொண்டிருந்தவளைப் பார்த்தார். அவருடைய மனைவி ஸிரே. மெதுவாக, முக்காட்டைச் சரிசெய்தபடி போனாள். அவர் அசையாமல் நின்று காதைத் தீட்டினார்.

பேசின் விழுந்தது.

சாயங்காலம் எண்ணினார்கள். எந்தப் பக்கம் கோலி அதிகமோ அந்தப் பக்கத்துக்கு நாற்காலி, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஆரஞ்சுக்குக் கைகொடுத்ததால் ஃபாபக்காரி ஜெயித்துப் பாஞ்சூல் போனார். அதில் தீடாவுக்கு வருத்தம்தான், அழுதாள்கூட. ஆனால் தம்பாஜாங்கில், அவருடைய சொந்த ஊரில், வெள்ளை டிரம்தான் கனத்தது. அதைத் தூக்கிச் சாய்க்க இரண்டு ஆள் தேவைப்பட்டது.

மழைக்கு முன் தோட்டம் பங்கு வைக்கிற நாள் வந்தது. ஃபாபக்காரி சட்டசபைக்குப் போட்டுப் போன அங்கியோடு ஓடைக்கரையில் வெகுநேரம் நின்றார். யாருடைய துண்டைப் பிடுங்குவது? எவள் போட்டாள், எவள் போடவில்லை? பிடுங்கினால் எல்லாருடையதையும் பிடுங்க வேண்டும், ஸிரேயினுடையதையும் சேர்த்து. அப்புறம் குழம்புக்கு வெங்காயம் எங்கிருந்து வரும்? "போன வருஷம் மாதிரியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். எனாமல் பேசினில் சோறு வைத்தார்கள். விளிம்பெல்லாம் எனாமல் பெயர்ந்து, அடி நசுங்கி, தரையில் வைத்தால் ஆடியது.

"இந்தப் பேசினை இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றார்.

"நல்ல பேசின்தான் மூத்தவரே," என்றாள் மஜூலா. "காஸமான்ஸ் வரைக்கும் போய் வந்தது. கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்."

அவர் ஆடுகிற பேசினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்து இரண்டு பெண்களும் கிணற்றடியில் பேசினைக் கழுவினார்கள். ஒருத்தி சாம்பல் போட்டுத் தேய்க்க, ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள்.

"ஏன் அக்கா அன்னைக்குப் போட்டீங்க?" என்றாள் தீடா.

"உன் தோட்டம் போச்சுன்னா ஓசி வெங்காயம் எனக்கு யாரு தருவா? நல்லாத் தேய், அந்தப் பக்கம் இன்னும் எண்ணெய் இருக்கு."

தீடா தேய்த்தாள். மஜூலா எந்த டிரம்மில் போட்டாள் என்று அவளுக்குத் தெரியாது. அன்று பேசினைப் போட்டதே தான்தானே, எப்படிக் கேட்டிருக்கும்? கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள். மஜூலா நிமிர்ந்து பார்த்தாள், தண்ணீர்க் குடம் இடுப்பில், அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் பங்கு போட்டுக் கொடுத்தே நரைத்துப்போன முகம். தீடா கேட்கவில்லை. அவளுக்கும் பங்கில்லாத ஒன்று இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, பேசினை வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.